உண்மையைச் சொன்னவர் மீது ஏழு குண்டுகள்

(திருவொற்றியூரில் லாரி ஓட்டுநர்களும், ஆலைத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் பேச எழுந்திருக்கும் முன்பு ஒரு டிரெயிலர் ஓட்டுநர் தோழர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "லைசென்ஸ் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, வாயிலே மரியாதையும் இருக்கிறது. அப்படியிருந்தும் காக்கிச் சட்டை கையைக் காட்டினால் வயிறு ஏன் கலங்குகிறது?" என்றார். இன்று நான் பேசப் போவது முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

இங்கே கூடியிருப்பவர்களில் பலர் சாலையில் பிழைப்பவர்கள். துறைமுக வாசலுக்குப் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வரிசை பிடித்து நிற்கிற கன்டெய்னர் லாரிகளை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த லாரியில் என்ன இருக்கும்? கயிறு அறுக்க ஒரு கத்தி இருக்கும். டயர் கழற்ற இரும்புக் கம்பி இருக்கும். காசிமேட்டிலே மீன் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஆட்டோ ஏறுகிற சகோதரியின் கூடையில் மீன் வெட்டும் கத்தி இருக்கும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் அறுப்புக்குப் போகும் விவசாயத் தொழிலாளியின் சைக்கிளிலே அரிவாள் செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் அவனுக்கு அன்றைய கூலி இல்லை.

பகலில் இதெல்லாம் கருவி. இரவு பத்து மணிக்கு வண்டியை மறித்து டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கும்போது இதே பொருள் ஆயுதமாகிவிடக் கூடும். வைத்திருப்பவன் யார், அவன் எந்தத் தெருக்காரன், அவன் சட்டை அழுக்கா வெள்ளையா என்பதைப் பார்த்துத் தீர்ப்பு அந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

நமது நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அமலில் இருக்கிறது. எது ஆயுதம் என்று அதன் இரண்டாவது பிரிவு விளக்குகிறது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாகச் செய்யப்பட்ட அல்லது மாற்றப்பட்ட பொருள்தான் ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதமாகா என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. உதாரணமாக எதைச் சொல்கிறது தெரியுமா? லத்தியையும் கைத்தடியையும் சொல்கிறது! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லத்தியைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

சரி, ஒருவனிடம் உண்மையான துப்பாக்கியே இருந்தால்? அதற்கும் சட்டம் வழி சொல்கிறது. பாங்கிப் பண வண்டியிலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிற முன்னாள் ராணுவச் சிப்பாய்களைப் பார்த்திருக்கிறீர்கள். ஆயுதம் தாங்கிச் செல்பவரிடம் போலீஸ் அதிகாரி லைசென்சைக் காட்டச் சொல்லலாம் என்கிறது 19-வது பிரிவு. காட்டாவிட்டால் பெயரும் விலாசமும் கேட்கலாம். அவசியமானால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயரைச் சொல்ல மறுத்தால், பொய் விலாசம் சொல்வதாகச் சந்தேகம் வந்தால், தப்பியோடப் பார்த்தால், அப்போது கைது செய்யலாம். முதலில் கேள்வி, பிறகு காகிதம், பிறகு பறிமுதல், கடைசியில்தான் கைது. இது சட்டத்தின் படிக்கட்டு. இந்தப் படிக்கட்டில் உதைக்கும் இடமில்லை, அடிக்கும் இடமில்லை.

ரவுடிகள் பட்டாக்கத்தி வைத்துக்கொண்டு திரிவதில்லையா என்று கேட்பீர்கள். திரிகிறார்கள். வடசென்னையில் அவர்களால் முதலில் வெட்டுப்படுபவனும் ஏழைதான். அவர்களைப் பிடிக்கட்டும், கோர்ட்டில் நிறுத்தட்டும். நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் பட்டாக்கத்தியையும் மீன் கத்தியையும் பிரித்துப் பார்க்கிற பொறுமை சாலையில் நிற்கிற அதிகாரிக்கு வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் கதி என்ன ஆகும் என்பதற்கு ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறேன். அது நம் ஊர்க் கதையல்ல. கேட்டு முடித்ததும் நம் ஊர்க் கதையாகவே தோன்றும்.

பிலாண்டோ காஸ்டீல்

அமெரிக்காவிலே மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் செயின்ட் பால். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் கூடத்தின் மேற்பார்வையாளர் பிலாண்டோ காஸ்டீல். கறுப்பினத்தவர். வயது 32. நம் ஊர் வழக்கில் சொன்னால் சத்துணவுக் கூடத் தொழிலாளி. 2002-லிருந்து அந்த நகரத்துப் பள்ளிகளில் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். எந்தக் குழந்தைக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்பதும் தெரியும். காசில்லாத பிள்ளைக்குத் தன் கைக்காசைப் போட்டுச் சாப்பாடு கொடுத்தவர் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர் தொழிற்சங்கத்து மனிதர். டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் 320-வது கிளையில் உறுப்பினர்.

அந்த நாட்டுச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்தார். சர்க்கார் கொடுத்த அனுமதி. திருட்டுத் துப்பாக்கி அல்ல.

2016 ஜூலை 6. இரவு சுமார் ஒன்பது மணி. பால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் அவருடைய காரை செயின்ட் அந்தோணி நகர போலீஸ் அதிகாரி ஜெரோனிமோ யானெஸ் நிறுத்தினார். காரில் அவருடைய துணைவி இருந்தார். பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் நான்கு வயதுக் குழந்தை. நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், பிரேக் விளக்கு எரியவில்லை என்பது. ஆனால் நிறுத்தும் முன்பே அந்த அதிகாரி வயர்லெஸ்ஸில் வேறொன்று சொல்லியிருந்தார். ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படும் ஆளைப் போல் இருக்கிறார் என்றும், காரணம் அகலமான மூக்கு என்றும் சொன்னார். தோழர்களே, மூக்கு! ஒரு மனிதனை மறிப்பதற்கு மூக்கு போதுமானதாக இருந்தது.

காஸ்டீல் இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார். பிறகு நிதானமாக, "ஐயா, ஒன்று சொல்லியாக வேண்டும். என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மறைத்தால் தப்பாகிவிடும் என்று நினைத்த மனிதர். "அதை எடுக்காதே" என்றார் அதிகாரி. "நான் எடுக்கவில்லை" என்றார் காஸ்டீல். சில விநாடிகள்தான். ஏழு குண்டுகள் பாய்ந்தன. ஐந்து குண்டுகள் அவர் உடலில் தைத்தன. நான் அதை எடுக்கப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தார். பின் இருக்கையில் குழந்தை உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் இருந்த பெண் அப்போதே தன் கைபேசியில் அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். போலீஸ் வண்டியில் இருந்த காமிராவும் பதிவு செய்திருந்தது. வழக்கு நடந்தது. அதிகாரி என்ன சொன்னார்? காரில் கஞ்சா வாடை வந்தது, உயிருக்குப் பயந்தேன் என்றார். 12 பேர் கொண்ட ஜூரி ஐந்து நாள் ஆலோசித்தது. 2017 ஜூன் 16-இல் அதிகாரி குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு. நகர நிர்வாகத்தின் தரப்பில் அவருடைய தாய்க்குச் சுமார் 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கிடைத்தது. குற்றவாளி இல்லை, ஆனால் நஷ்டஈடு உண்டு! குற்றமே இல்லாத சாவுக்கு எதற்கு நஷ்டஈடு என்று ஒரு சாதாரணத் தொழிலாளி கேட்டால், எந்தச் சட்ட நிபுணர் பதில் சொல்வார்?

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். அந்த இரவுதான் முதல் தடவையாக அவரை நிறுத்தினார்களா? 13 வருஷத்தில் குறைந்தது 46 தடவை அவர் வண்டியை மறித்திருக்கிறார்கள். அவர் மீது எழுதிய 82 குற்றச்சாட்டுகளில் பாதிக்கு மேல் தள்ளுபடியாகின. ஆனாலும் 6,000 டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. அபராதம் கட்ட முடியாவிட்டால் லைசென்ஸ் முடக்கம். லைசென்ஸ் இல்லாமல் வேலைக்கு ஓட்டினால் மறுபடியும் அபராதம். இந்தச் சுழலை நம் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 46 தடவை பொறுமையாக நின்றவர், அடுத்த தடவை உயிரை விட்டார்.

யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது பிரஜையின் உரிமை என்று முழங்குகிற பெரிய அமைப்பு ஒன்று இருக்கிறது. தேசியத் துப்பாக்கிச் சங்கம் என்று அதற்குப் பெயர். லைசென்ஸ் வைத்திருந்த மனிதர் ஒருவர் லைசென்ஸ் வைத்திருந்த காரணத்தாலேயே செத்தார். அந்த அமைப்பு வீதிக்கு வந்திருக்க வேண்டாமா? இரண்டு நாள் கழித்து ஒரு சிறு அறிக்கை விட்டது. அதில் காஸ்டீலின் பெயர்கூட இல்லை.

இது புதிதல்ல. 1967-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரத்தில் கறுஞ்சிறுத்தைக் கட்சியார் அன்றைய சட்டப்படி பகிரங்கமாகத் துப்பாக்கி ஏந்தி, சட்டப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ் எங்கெல்லாம் கறுப்பு மக்களின் வண்டியை மறித்ததோ அங்கெல்லாம் சற்றுத் தள்ளி நின்று கவனித்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? போலீசைத் திருத்தவில்லை. சட்டத்தைத் திருத்தியது. பகிரங்கமாகக் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் மசோதா அதே வருஷத்தில் நிறைவேறியது; கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டார். வெள்ளையன் கையில் இருந்தவரை உரிமை. கறுப்பன் கைக்கு வந்ததும் அபாயம்!

2020 ஆகஸ்டில் கெனோஷா என்ற ஊரில் 17 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் பெரிய துப்பாக்கியோடு தெருவில் இறங்கி இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். தோளில் துப்பாக்கி தொங்க, கைகளைத் தூக்கிக்கொண்டு போலீஸ் வண்டிகளை நோக்கி நடந்து வந்தான். அவனை யாரும் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிறகு சரணடைந்தான். தற்காப்புக்காகச் சுட்டான் என்று 2021 நவம்பரில் விடுதலையும் ஆனான். காஸ்டீலின் துப்பாக்கி கடைசி வரை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவே இல்லை என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கா தூரத்து நாடு என்று எண்ண வேண்டாம். 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்கச் சட்டம் போட்டான். வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்கு. அந்த நோய் வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டதா?

1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் மிராசுதார்களும் அவர்களுடைய அடியாட்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒண்டின. அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்கள் கருகின. அந்த மிராசுதார்களைப் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபோது என்ன காரணமும் சேர்த்துச் சொன்னது? இவர்கள் செல்வந்தர்கள், கார் வைத்திருப்பவர்கள். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொன்னது. கேட்டீர்களா! மிராசுதாருக்குக் கார் நற்சாட்சிப் பத்திரம். காஸ்டீலுக்கு அதே கார் மரணப் பொறி.

நம்முடைய சாலைகளில்

இப்போது லத்திக்கு வருகிறேன். லத்தி ஆயுதமல்ல என்று சட்டம் சொல்வதைப் படித்தேன் அல்லவா? 2021 ஜூன் 22. சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. ஊரடங்குக் காலம். மோட்டார் சைக்கிளில் வந்த முருகேசன் என்பவரை மறித்தார்கள். வாய்ப் பேச்சு முற்றியது. ஒரு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் அவரை நடுரோட்டில் தடியால் அடித்தார். கூட வந்தவர் கைபேசியில் எடுத்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. மறுநாள் முருகேசன் இறந்தார். அதன் பின்பு அந்த அதிகாரி கைதானார். ஆயுதமல்லாத பொருளால் ஓர் உயிர் போயிற்று.

2018 மார்ச் 7. திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடி. ஹெல்மெட் இல்லை என்று மறித்தபோது நிற்காமல் போன மோட்டார் சைக்கிளைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் விரட்டிப் போய் எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த உஷா என்ற பெண் கீழே விழுந்து இறந்தார். உயிரைக் காக்கத்தான் ஹெல்மெட் சட்டம். அந்தச் சட்டத்தின் பெயராலேயே உயிர் பறிபோயிற்று.

2022 ஏப்ரல் 18 இரவு. நமது சென்னையிலேயே, கெல்லீஸ் பக்கத்தில். வாகனச் சோதனையில் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்கள். அதில் வந்த 25 வயது விக்னேஷை தலைமைச் செயலகக் காலனி போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் பிணம். கஞ்சா இருந்தது, கத்தி இருந்தது என்று போலீஸ் தரப்பு சொன்னது. பிரேதப் பரிசோதனையில் 13 காயங்கள் என்று வெளிவந்தது. சட்டசபையிலே கேள்வி எழுந்தது; வழக்கு கொலை வழக்காக மாறியது; போலீசார் கைதானார்கள்.

அங்கேயும் கஞ்சா, இங்கேயும் கஞ்சா. அங்கே துப்பாக்கி, இங்கே கத்தி. செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று ஊரைப் பேச வைத்துவிட்டால், அடித்தவன் யார் என்ற கேள்வி அமுங்கிப் போகும் என்பது அவர்கள் கணக்கு. நாம் அந்தக் கண்ணியில் விழக் கூடாது. கஞ்சா இருந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. அந்தத் தண்டனையை நீதிபதி கொடுக்கட்டும். சாலையில் நிற்பவர் நீதிபதி அல்ல.

காவலரும் ஏழை வீட்டுப் பிள்ளை

தோழர்களே, இவ்வளவும் சொன்னதால் காக்கிச் சட்டை போட்ட ஒவ்வொருவரையும் நாம் பகைக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெயிலிலும் புகையிலும் மணலிச் சாலையில் கால் கடுக்க நிற்கிற காவலர் யார்? பெரும்பாலும் விவசாயி மகன், ஆலைத் தொழிலாளியின் மகள். அவருக்கும் இன்ன நேரம் வேலை என்று இல்லை. மேலதிகாரியின் ஏச்சு உண்டு. நமக்குச் சங்கம் உண்டு. அவருக்கு அதுவும் கிடையாது. 1966-ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதியின்றிச் சங்கம் சேர அவருக்குத் தடை போட்டிருக்கிறது. காஸ்டீல் இருந்த டீம்ஸ்டர்ஸ் கிளையில் போலீஸ்காரர்களும் உறுப்பினர்கள் என்பது கேட்க விநோதமாக இருக்கும்.

அப்படியானால் ஏழை மகன் ஏழை மகனை ஏன் அடிக்கிறான்? அவனை அப்படிப் பழக்குகிறார்கள். காஸ்டீலைச் சுட்ட அதிகாரி அதற்கு இரண்டு வருஷம் முன்பு, குண்டு துளைக்காத வீரன் என்ற பெயரில் நடந்த பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். எதிரே வருகிற எவனும் உன்னைக் கொல்ல வருகிறான் என்று எண்ணப் பழக்குகிறது இந்த ரகப் பயிற்சி என்று அங்கே பெருங்கண்டனம் எழுந்தது. பயத்தைப் புகட்டி, கையில் துப்பாக்கியும் கொடுத்து, தெருவில் நிறுத்தினால் எது நடக்கும்? நம் நாட்டில் வெள்ளைக்காரன் ஜனங்களை அடக்கி வைக்க உருவாக்கிய போலீஸ் அமைப்பு, அதே மேல்கீழ் முறையோடு, அதே லத்தியோடு இன்றும் இருக்கிறது. ஆளும் வர்க்கத்துக்கு அதை மாற்ற அவசரமில்லை. மாற்றும் அவசரம் அடிபடுகிறவனுக்குத்தான்.

காகிதம் போதாது, சங்கம் வேண்டும்

இப்போது ஓட்டுநர் தோழரின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். காகிதம் சரியாக இருந்தும் வயிறு ஏன் கலங்குகிறது? அந்தக் காகிதத்தோடு நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். அதனால்தான். காஸ்டீலிடம் அனுமதி இருந்தது, மரியாதை இருந்தது, உண்மை இருந்தது, காமிரா சாட்சியும் இருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் தனி மனிதர். தனி மனிதனின் கையில் சட்டம் வெறும் காகிதம். ஆயிரம் பேர் பின்னால் நின்றால்தான் அதற்கு உயிர் வரும்.

அதே மின்னசோட்டாவில், பால்கன் ஹைட்சுக்குப் பக்கத்து நகரமான மினியாபொலிசில், 1934-இல் லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காஸ்டீலின் சங்கமான அதே டீம்ஸ்டர்ஸ் கொடியின் கீழ்தான். ஜூலை 20-ஆம் தேதி நிராயுதபாணிகளான மறியல்காரர்களைப் போலீஸ் சுட்டது. 67 பேர் காயம்; இருவர் மாண்டார்கள். தொழிலாளர்கள் கலைந்தார்களா? கலையவில்லை. சாவு ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஆகஸ்டில் முதலாளிகள் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. துப்பாக்கி இல்லாதவர்கள் துப்பாக்கியை வென்ற வரலாறு அது.

காஸ்டீல் இறந்த பிறகும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அவரைச் சுட்ட அதிகாரி விடுதலையானார். ஆனால் மறுபடி அந்த வேலைக்குப் போக முடியவில்லை. அதிகாரி எடுத்துக்கொண்டது போன்ற போர்வீரப் பயிற்சியை 2020-இல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருஷம் மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் பிளாய்டைப் போலீஸ் கொன்றபோது எழுந்த பெருங்கிளர்ச்சியின் அலையில்தான் அது நடந்தது. தானாக எந்தச் சர்க்காரும் கொடுக்கவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் சாலையில்.

வண்டியை நிறுத்தினால் ஓடாதீர்கள், எதிர்த்துக் கை நீட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவுப்படி, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸ் காட்ட வேண்டும். அரசின் டிஜிலாக்கர் வழியாகக் கைபேசியில் காட்டினாலும் செல்லும். கருவி இருந்தால், இது என் தொழில் கருவி என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதிகாரியின் சட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளீனர் பையன் உடனே சங்கத்துக்குப் போன் செய்யட்டும்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இவற்றில் சிலவற்றை வரிசையாக எழுதியது. 2024 ஜூலை முதல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் கைதான மனிதனுக்குரிய இந்த உரிமைகள் உண்டு. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடமும் டாக்டரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். பயந்து, கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய் நம் வழக்கையே கொன்றுவிடும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

அடுத்து, சர்க்காரிடம் நமது கோரிக்கைகள்:

ஒன்று: இரவு நேர வாகனச் சோதனை முழுவதும் காமிராவில் பதிவாக வேண்டும், அந்தப் பதிவு மறிக்கப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டும். போலீஸ் நிலையங்களில் காமிரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. வேண்டிய நேரத்தில் காமிரா பழுது என்ற கதையை ஏற்க முடியாது.

இரண்டு: தொழில் கருவி வைத்திருந்ததற்காகத் தொழிலாளி மீது ஆயுத வழக்குப் போடக் கூடாது. கூலிக்காரனின் அரிவாளும், மீனவப் பெண்ணின் கத்தியும், ஓட்டுநரின் கம்பியும் ஆயுதமல்ல என்பதை ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மூன்று: போலீஸ் மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது. 2013-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டமோ உள்துறைச் செயலாளரையும் போலீஸ் தலைவரையும் வைத்தே அந்த அமைப்பை நிரப்பியது. தராசும் அவர்கள் கையில், படிக்கல்லும் அவர்கள் கையில் என்றால் எடை எப்படிச் சரியாக இருக்கும்?

நான்கு: காவலர்களுக்கு வரையறுத்த வேலை நேரமும், தங்கள் குறைகளைக் கூடிப் பேசும் உரிமையும் வேண்டும். மேலதிகாரியின் மிரட்டலில் இருந்து அவர் விடுபட்டால் நம் மீது விழும் லத்தியும் தாழும்.

இந்தக் கோரிக்கைகளை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு லாரி நிறுத்தத்திலும், ஆலை வாசலிலும், மீன்பிடித் துறைமுகத்திலும் கொண்டுசெல்ல வேண்டும். சோதனையில் சிக்கிய தோழருக்கு அந்த இரவிலேயே உதவ, பகுதிக்குப் பகுதி ஒரு குழு வேண்டும். இன்று கூட்டம் முடிந்து கலையும் முன்பே பெயர் கொடுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று சொல்கிறேன். காஸ்டீலின் பெயரால் ஜனங்கள் நிதி திரட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கடனை அடைப்பதற்காக! அந்தப் பணக்கார நாட்டில் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டதற்குக் கடன் ஏறும். அவருடைய தாயாரும் அந்தக் கடன்களை அடைத்துக் கொடுத்தார். 2023-இல் மின்னசோட்டாவில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு என்று சட்டம் வந்தது. பள்ளிச் சாப்பாட்டின் அருமையை, 1920-லேயே மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட இந்தச் சென்னைக்கு யாரும் சொல்ல வேண்டாம். தன் பையில் இருந்த காசைப் போட்டு ஒரு பிள்ளையின் தட்டை நிரப்பிய தொழிலாளியின் ஆசை, அவர் போன ஏழாவது வருஷத்தில் ஒரு மாநிலத்தின் சட்டமாயிற்று.

அவருடைய சாவுக்கு நீதி கிடைக்கவில்லை. அவருக்கும் முருகேசனுக்கும் உஷாவுக்கும் விக்னேஷுக்கும் நாம் செய்ய வேண்டிய கடன் ஒன்றுதான். நாளை இரவு இந்த எண்ணூர்ச் சாலையில் ஒரு தொழிலாளியை மறிக்கும்போது, அவன் தனியாக இல்லை என்பது அவனுக்கும் தெரிய வேண்டும். மறிப்பவருக்கும் தெரிய வேண்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!